அரை மதிப்பெண் மௌனம்

பத்திரிகைக்காரர்களுக்குப் படத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் காட்சிக்கு வசனம் எழுதியவரைக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. நானாகத்தான் போனேன். வாசலில் நின்றவர் நான் யாரென்று கேட்டார். வசனம் என்றேன். கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வசனம்னு யாரும் இல்லையே" என்றார். படம் பார்த்துவிட்டு வந்த விமர்சகர்களும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார்கள். அதனால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

என் தம்பி வந்துதான் உள்ளே கூட்டிப்போனான். படத்தின் ஒலி வேலை முழுக்க அவனுடைய ஸ்டூடியோவில் நடந்தது. எனக்கு வசனம் எழுதும் வாய்ப்பு கிடைத்ததே அவன் இயக்குநரை நச்சரித்ததால்தான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவனுக்குப் பதிலாக அம்மா சொல்லிக்காட்டுவாள்.

படம் ஒரு கல்யாணக் கதை. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையும் பொண்ணும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாக ஓடிப்போகிறார்கள். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சுவரொட்டியைப் பார்த்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை. தெரிந்த முடிவுக்குச் சிரிக்கச் சிரிக்கக் கூட்டிப்போவதும் ஒரு வேலைதான். பல வருஷம் தொலைக்காட்சித் தொடர் எழுதியவள் நான். அங்கே ஒரு மாமியார் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து சேரவே ஒரு வாரம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்துவைக்கக் கிடைத்தது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

நான் எழுதியதில் பாதியைக் கதாநாயகன் மாற்றினான். மீதியில் பாதியை, வெயில் ஏறிவிட்டது, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று படப்பிடிப்பிலேயே வெட்டினார்கள். போகட்டும் என்று விட்டேன். ஒரே ஒரு வரியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

அது கடைசியில் வருகிறது. ஓட்டமெல்லாம் ஓய்ந்து, கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது. வீட்டின் உள்ளறையில் பொண்ணின் அம்மா மகளுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். மகள் வாசற்படியில் வந்து நிற்கிறாள். அம்மா திரும்பிப் பார்ப்பதில்லை. முதுகு மட்டும்தான் நமக்குத் தெரியும். மடித்துக்கொண்டே சொல்கிறாள்: "பிடிக்கலேன்னா வந்துடு. ஏன்னு கேக்க மாட்டேன்." அவ்வளவுதான். மகள் வந்து பின்னாலிருந்து கட்டிக்கொள்கிறாள்.

இந்த வரியை நான் ரசிகர்களுக்காக எழுதவில்லை. என் அம்மா காதில் விழ வேண்டும் என்று எழுதினேன்.

எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் பெரிய கொடுமைக்காரரெல்லாம் இல்லை. ஏன் வந்தேன் என்று நீங்களும் கேட்காதீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து அழைப்புமணியை அடித்தேன். அம்மா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், "ஏன்?" என்றாள். உள்ளே வா என்று சொல்வதற்கு முன்னால் அதைக் கேட்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது, அங்கிருந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தது. பை கையில் கனத்தது. அம்மா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தண்ணீர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பாளே, அந்தக் குரல்தான். ஆனாலும் அந்த ஒற்றைச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அதே வீட்டில் இருவரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். உப்பு குறைவு, தண்ணீர் மோட்டார், தம்பிக்கு எப்போது புத்தி வரும் என்று எல்லாம் பேசுகிறோம். அதை மட்டும் பேசியதில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் ஒரு படத்தில் எழுதிவைத்தேன். படத்துக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தால் அவளாகவே புரிந்துகொள்வாள் என்பது என் கணக்கு.

அன்று திரையில் அந்தக் காட்சி வந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அம்மா துணி மடிக்கிறாள். மகள் வாசற்படியில் வந்து நிற்கிறாள். அம்மா இன்னொரு துணியை எடுக்கிறாள், உதறுகிறாள், மடிக்கிறாள். மகள் போய்க் கட்டிக்கொள்கிறாள். அடுத்த காட்சியில் கார் கிளம்புகிறது.

வசனம் வரவேயில்லை.

திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தேன். தம்பி குனிந்து இருக்கைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். எனக்கு அடுத்த இருக்கையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அவர்தான் ரெண்டரை. எந்தப் படத்துக்கும் ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் போடுவதால் திரைத்துறையில் அவருக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

வெளியே வந்ததும் தம்பியை வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எங்கடா என் வசனம்?"

"அக்கா, கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எங்க?"

"விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சுன்னா? கைக்குட்டையா விட்டுப்போறதுக்கு?"

அவன் சொன்னது இதுதான். அந்தக் காட்சியை எடுத்த அன்று பக்கத்துக் கட்டடத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த ஒலி முழுக்க அந்த இரைச்சல். எப்படியும் ஸ்டூடியோவில் மறுபடி பேசவைக்கத்தான் போகிறோம் என்று அவன் அந்த இடத்தின் ஒலியை மொத்தமாக நீக்கிவிட்டான். டப்பிங் பேசுகிறவர்களும் பேசவைக்கிறவர்களும் திரையில் பார்ப்பது உதட்டைத்தான். உதடு அசைந்தால் பேசுவார்கள், நின்றால் நிறுத்துவார்கள். இந்தக் காட்சியில் உதடே இல்லை, முதுகுதான் இருக்கிறது. அம்மாவாக நடித்தவர் தன் பங்கு முழுவதையும் ஒரே நாளில் பேசிவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். முதுகு வந்தது, போயிற்று. யாருக்கும் உறைக்கவில்லை. வழக்கமாக வசனத்தாள்களோடு பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பது என் வேலை. அன்று அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுக்கும் அறுவை. நான் மருத்துவமனையில் இருந்தேன்.

"கடைசியா சத்தமெல்லாம் சேத்த மிக்சிங்ல டைரக்டர் கேட்டிருப்பாரே? அவருக்குமா தெரியல?"

"கேட்டாரு. ஒண்ணும் சொல்லல. சரி, நீங்க ரெண்டு பேரும் பேசி அந்த வரிய எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான். அவன் தலை எட்டும் தூரத்தில் இல்லை.

மறுநாளிலிருந்து விமர்சனங்கள் வரத் தொடங்கின. ஒரு நாளிதழ், "யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வீடியோவை இரண்டு மணி நேரம் பார்த்த களைப்பு. நிஜக் கல்யாண வீடியோவிலாவது எங்கேயாவது நம் முகம் வரும்" என்றது. இணையத்தில் எழுதும் ஒரு பெண், "நாயகனும் நாயகியும் ஒரே பேருந்தில் ஏறுகிறார்கள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்" என்று எழுதியிருந்தாள். இதைப் படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. நான் எழுதியிருக்க வேண்டிய வரி.

ரெண்டரையின் விமர்சனம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நடிப்பு சுமார், பாட்டு சுமார், வசனங்களில் தொலைக்காட்சித் தொடரின் நெடி என்று வரிசையாகப் போட்டு உடைத்துவிட்டு, கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தார்:

"ஆனால் ஓரிடம். மகளை வழியனுப்பும் தாய் ஒரு வார்த்தை பேசுவதில்லை. துணி மடிக்கிறாள். அந்த நேரத்தில் பேச என்ன இருக்கிறது? இந்த மௌனத்தின் முன்னால் வசனகர்த்தா எழுதிய மற்ற எல்லாப் பக்கங்களும் வெறும் இரைச்சல். அவர் இன்னும் பத்து இடங்களில் இப்படிச் சும்மா இருந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல படம் கிடைத்திருக்கும். இரண்டு மதிப்பெண் பெறவேண்டிய படத்துக்கு, அந்த மௌனத்துக்காக அரை கூடுதல்."

படித்துவிட்டுப் பத்திரிகையைச் சுருட்டி எறிந்தேன். அம்மா அதை எடுத்து நீவி, அலமாரித் தட்டில் விரித்தாள். அவளால் அப்போது எழுத்தைப் படிக்க முடியாது. மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாமே பனிமூட்டம்.

"நல்லா எழுதியிருக்கானா?" என்று கேட்டாள்.

"பிரமாதமா எழுதியிருக்கான்."

"அப்புறம் ஏன் சுருட்டற?"

ரெண்டரை எதை எழுதினாலும் அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டு எழுத ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் "அந்த மௌனம்" என்று சொன்னாலே எந்தப் படம் என்று தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. படம் மொக்கை, ஆனால் அந்த மௌனத்துக்காகப் பார்க்கலாம் என்றார்கள். கட்டுரை எழுதினார்கள். பெண்களின் பேசாமையில் இருக்கும் வலிமையைப் பற்றி ஒரு ஆண் மூன்று பக்கம் எழுதினார். இயக்குநர் ஒரு பேட்டியில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அந்த மௌனத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு" என்று சொன்னதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

நேராக அவர் அலுவலகத்துக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, சத்தியமா சொல்றேன். மிக்சிங் அன்னிக்கு நான் தூங்கிட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா கண்ணே மூடல. முழிச்சுப் பார்த்தா கார் கிளம்பிட்டு இருந்துச்சு."

"அப்ப மூணு மாசம்?"

"கேமராவ மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டுக் கேக்கறாங்க. தூங்கிட்டேன்னா சொல்ல முடியும்?"

உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆளை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? வந்த வேலையைச் சொன்னேன். தியேட்டரில் போனது போகட்டும், இணையத்தில் போட ஓடிடிக்குப் பிரதி கொடுக்கும்போதாவது என் வரியைச் சேர்த்துவிட வேண்டும்.

அவர் முகம் சுருங்கியது. "அக்கா, படத்தைப் பத்தி ஊரெல்லாம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் அழிக்கச் சொல்றீங்களா? ரெண்டரை வாங்கியிருக்கோம். அதுல அரை அந்த இடத்துக்கு. ரெண்டு வாங்கினவனுக்கு யாரும் ரெண்டாவது படம் குடுக்க மாட்டாங்க."

"நான் எழுதின வரி அது."

"உங்களையும்தான் பாராட்டியிருக்காங்களே."

"சும்மா இருந்ததுக்கு."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தை கூடப் பேசாமல் எழுந்து வந்தேன். மௌனம் எனக்கு நன்றாக வருகிறது என்று அதையும் யாராவது எழுதட்டும்.

அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போகக்கூடாது என்று முதலில் நினைத்தேன். எதற்காகக் கூட்டிப்போக நினைத்தேனோ அதுதான் படத்தில் இல்லையே. கண் மருத்துவர் சில வாரம் கூட்டத்தில் போகக்கூடாது, தூசி படக்கூடாது என்று சொன்னது வசதியாகப் போயிற்று. ஆனால் அந்தக் கெடு முடிந்த அன்றே அம்மா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள். "என் பொண்ணு எழுதின படம், நான் பாக்க வேண்டாமா?"

படம் ஒரே ஒரு தியேட்டரில் மதியக் காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் குளிர்சாதனத்துக்காக வந்தவர்கள். அம்மா இருட்டிலும் கண்ணாடியைக் கழற்றவில்லை. பேருந்துக் காட்சிகளுக்கெல்லாம் சத்தமாகச் சிரித்தாள். நான் எதிர்பார்க்காத இடங்களில்கூடச் சிரித்தாள். விமர்சகர்கள் எழுதியது அத்தனையும் அந்தச் சிரிப்பில் எனக்கு மறந்துபோயிற்று. ரெண்டரை என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்திருக்க வேண்டும்.

கடைசிக் காட்சி வந்தது. துணி மடிக்கிறாள், உதறுகிறாள், மடிக்கிறாள். அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

"அந்த அம்மா ஏன் ஒண்ணும் சொல்லாம மடிக்கறா?"

"அப்புறம் சொல்றேன்."

"சத்தம் போயிடுச்சா?"

"ஆமாம்மா. சத்தம்தான் போயிடுச்சு."

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. துடைப்பத்தோடு வந்த பெண்மணி முதல் வரிசையிலிருந்து பெருக்க ஆரம்பித்தார்.

"அந்த அம்மா என்ன சொன்னா?"

பல மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த இடம்தான். திரையில் ஒரு நடிகை சொல்ல, நான் இருட்டில் பதுங்கியிருக்கலாம் என்று போட்ட திட்டம். இப்போது வெளிச்சத்தில், பொரிப் பொட்டலங்கள் சிதறிக் கிடக்கிற தரையைப் பார்த்துக்கொண்டு, நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"பிடிக்கலேன்னா வந்துடு. ஏன்னு கேக்க மாட்டேன். அப்படின்னு சொல்றா."

அம்மா வெள்ளைத்திரையைப் பார்த்தாள். அப்புறம் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பாவம், அந்தப் பொண்ணு அதைக் கேக்காமலே போயிட்டாளே" என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் தோற்றுப்போனதாகத்தான் நினைத்தேன். இவ்வளவு சுற்றி வளைத்தும், அவள் சினிமாப் பெண்ணுக்காகத்தான் வருத்தப்பட்டாள். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

படம் தியேட்டரை விட்டுப் போனது. இயக்குநர் அடுத்த படத்துக்கு இடம் பார்க்க எங்கேயோ மலைப்பக்கம் போய்விட்டார். அந்தச் சமயத்தில் ஓடிடிக்காரர்களிடமிருந்து தம்பிக்கு ஒரு கேள்வி வந்தது. அவர்கள் படத்தின் அடியில் எழுத்துப் போடுவதற்காக நான் கொடுத்த வசனத்தாளையும் ஒலியையும் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். ஓரிடத்தில் தாளில் வசனம் இருக்கிறது, ஒலியில் இல்லை; தாளில் அடிப்பதா, ஒலியில் சேர்ப்பதா, நாளைக்குள் சொல்லுங்கள் என்றார்கள். தம்பி இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தான். மலைக்காற்றுக்கு நடுவே அவர் கத்தியது இதுதான்: "இனிமே அதை யாருப்பா பாக்கப் போறா? அக்காவைக் கேட்டு எதையாவது பண்ணு!"

தியேட்டரில் ஓடியபோது அந்த மௌனத்துக்காக உயிரைக் கொடுத்தவர், ஓடி முடிந்ததும் கை கழுவிவிட்டார். சினிமாவில் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட்டால் வேலைக்காகாது.

அம்மாவாக நடித்தவர் வெளிநாட்டில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார், வர இன்னும் ஒரு மாதமாகும். குரல் கொடுக்கும் பெண்கள் இரண்டு பேருக்குச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் அன்று வேறு வேலை. மறுநாள் காலையில் நான் ஸ்டூடியோவுக்குக் கிளம்பியபோது அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கு?"

"என் பையன் வேலை பாக்கற இடம். நான் வரக்கூடாதா?"

தம்பியின் ஸ்டூடியோ இரண்டு அறை. ஒன்றில் இயந்திரங்களும் அவனும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இன்னொரு அறையில் ஒரு மைக், ஒரு திரை, ஒரு ஸ்டூல். சுவரெல்லாம் பஞ்சு. அங்கே போய் நின்றால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். யாரைக் கூப்பிடுவது என்று நானும் அவனும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவன் சட்டென்று நாற்காலியைத் திருப்பினான்.

"அம்மா பேசட்டுமே. முதுகுதானே தெரியுது?"

"விளையாடறியா? அம்மாவுக்கு நாலு பேர் முன்னாடி நின்னா பேச்சே வராது."

"நாலு பேர் எங்க இருக்காங்க? நீங்க ரெண்டு பேர்தானே?" என்றபடி அம்மா எழுந்து கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள்.

தாளைப் பார்த்துப் படிக்க அவள் கண் இன்னும் சரியாகவில்லை. பக்கத்தில் நின்று வரியை எடுத்துக்கொடுக்க நானும் உள்ளே போனேன். தம்பி கதவைச் சாத்தினான். திரையில் அந்த முதுகு வந்தது.

முதல் தடவை அம்மா கத்தினாள். வெளியூர்த் தொலைபேசியில் பேசுகிறவள்போல, "பிடிக்கலேன்னா வந்துடூ!" என்றாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

"அம்மா, அவ பக்கத்துலதான் நிக்கறா. மெதுவா."

இரண்டாவது தடவை உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது தடவை நடுவில் தும்மினாள். நான்காவது தடவை, "பிடிக்கலேன்னா வந்துடு" வரை அழகாக வந்தது. அதோடு நின்றுவிட்டாள்.

"ஏன்னு கேக்க மாட்டேன்" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"தெரியும். மறக்கல." மைக்கை விட்டுத் திரும்பினாள். "நான் கேட்டேன் இல்ல?"

எதை என்று நான் கேட்கவில்லை. "கேட்டே."

"கையில பை இருந்துச்சு. அதைக்கூட வாங்கல நான்."

"வாங்கல."

"எதிர்வீட்டுக்காரங்க பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு அதுதான் தெரிஞ்சுது, நீ தெரியல." கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் விரலை விட்டுக் கண்ணைத் தேய்க்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தேய்க்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்.

தம்பிக்கு எல்லாம் கேட்டிருக்கும். மைக் திறந்துதான் இருந்தது. அவன் இந்தப் பக்கம் பார்க்காமல் எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"ம், போடுடா" என்றாள் அம்மா அவனிடம்.

முதுகு மறுபடி வந்தது. இந்தத் தடவை அம்மா திரையைப் பார்க்கவில்லை. வாய் மைக்கின் பக்கம் இருந்தது, கண் என் பக்கம் இருந்தது. "பிடிக்கலேன்னா வந்துடு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, மூச்சை இழுத்து, "ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள். கடைசிச் சொல்லில் குரல் பிசிறியது. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று தம்பி கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதையே சேர்த்து அன்று மாலை அனுப்பிவிட்டோம்.

ஓடிடியில் படம் வந்தபோது இயக்குநர் சொன்னதுபோலப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. ரெண்டரை மட்டும் கவனித்தார். அந்த மௌனத்தை இன்னொருமுறை அனுபவிக்கலாம் என்று போட்டுப் பார்த்திருக்கிறார், பாவம். அடுத்த ஞாயிறு அரைப் பக்கம் எழுதித் தள்ளிவிட்டார்.

அன்று காலை அம்மாவுக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். முதல் மருந்தை விட்டால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும், அப்புறம்தான் இரண்டாவது. அந்த இடைவெளியில் பத்திரிகையைப் பிரித்தேன். என் மூச்சு மாறியதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்த ஆளா? என்ன எழுதியிருக்கான்? படி."

"வேண்டாம்மா."

"படின்னா படி."

படித்தேன்.

"ஒரு நல்ல காட்சியை எப்படிக் கெடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். மகளை வழியனுப்பும் தாயின் மௌனத்தின் மேல் இப்போது ஒரு வசனத்தை ஒட்டியிருக்கிறார்கள். குரல் அந்த நடிகையுடையதே அல்ல. பயிற்சி இல்லாத யாரையோ பேசவைத்திருக்கிறார்கள். புறப்படும் பெண்ணுக்குத் தைரியம் சொல்லும் குரலாகவும் அது இல்லை. என்றைக்கோ திரும்பி வந்துவிட்ட ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது. காட்சிக்குச் சற்றும் பொருந்தவில்லை. அன்று கொடுத்த அரை மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

அம்மா மூடிய கண்ணோடு அசையாமல் படுத்திருந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து கண்ணோரமாக வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. துணியால் ஒற்றி எடுத்தேன்.

"மார்க்கு போச்சா?" என்றாள்.

"அரை போச்சு."

"போகட்டும்." துணியைத் தானே வாங்கிக் காதோரத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, இரண்டாவது மருந்தின் மூடியைத் திருகினேன்.